பூட்டில்லாத சர்வரில் ஒரு பட்டுப்புழு

சுகாசினிக்குக் கேட்டு வாங்குகிற பழக்கமே கிடையாது. காஞ்சிபுரத்துச் செவிலிமேட்டில் பக்கத்து வீட்டுக் கறிவேப்பிலையைக் கேட்கக்கூட அவளுக்கு வாய் வராது. யார் வாசலிலும் போய் நிற்காதே என்று சொல்லிச் சொல்லியே கூலிக்காரரான அப்பா வீராசாமி வளர்த்த பெண் அவள். ஏனாத்தூர் கல்லூரியில் படித்தாள், பதினோரு வருடம் கம்பெனி பஸ்ஸில் போய் வந்தாள், முப்பத்தாறாவது வயதில் வேலையை விட்டுவிட்டு ஒரு மென்பொருளை எழுத உட்கார்ந்தாள். தமிழில் கேள்வியைத் தட்டினால் போதும், எந்த டேட்டாபேஸாக இருந்தாலும் உள்ளே போய்ப் பதிலை எடுத்து வந்து திரையில் விரிக்கும். இரண்டு வருடத்து உழைப்பு அது. பார்த்தவர்கள் எல்லாரும் பிரமாதம் என்றார்கள், ஒருவரும் வாங்கவில்லை. கடைசியாக ஒரு நெசவாளர் சங்கம் மட்டும் வந்து காட்டச் சொல்லியிருந்தது. இதுவும் கை நழுவினால் மறுபடி கம்பெனி வேலைக்கே போய்விடுவது என்று முடிவு செய்திருந்தாள்.

சங்கத்துச் செயலாளர் இளவரசி அவள் வயதுக்காரர்தான். ஜக்கார்டு தறியில் எந்த இழை எழும்ப வேண்டும் என்று சொல்வது துளை போட்ட அட்டை. அந்த அட்டையைக் குத்துகிற குடும்பத்திலிருந்து வந்தவர். அவர் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று.

"நீங்களே ஒரு டேட்டாவ ரெடி பண்ணி, அதுல நீங்களே ஓட்டிக் காட்டினா நான் இன்னான்னு நம்பறது? நெய்யறவங்க கொண்டாற சாம்பிள் துண்ட யாரும் பாக்கறதில்லமா. தறியில ஓடிக்கினு இருக்கற சேலையத்தான் பாப்போம்."

"அப்ப எந்த டேட்டாவுல ஓட்டிக் காட்டறது மேடம்?"

"எங்க மெம்பருங்க விவரத்த ஆர்டருக்கு முன்னாடி வெளியாளுக்குத் தர முடியாது. நீங்க ரெடி பண்ணாத டேட்டாவா எதுனா ஒன்னு பாருங்க."

நியாயம்தான். ஆனால் எவன் தன் சர்வரைத் திறந்து வைத்துக்கொண்டு, வாம்மா, உன் மென்பொருளை இங்கே ஓட்டிக் காட்டு என்று காத்திருப்பான்? நான்கு நாள் தேடினாள். ஒன்று கிரெடிட் கார்டு கேட்டது. ஒன்று எப்போதோ செத்துப் போயிருந்தது. இன்னொன்றில் இல்லாத கடையில் இல்லாத ஆட்கள் வாங்கிய இல்லாத சைக்கிள்களின் கணக்கு இருந்தது. அதைக் கொண்டுபோனால் இளவரசி சிரித்தே அனுப்பிவிடுவார்.

ஐந்தாம் நாள் காலை, இட்லி ஆறிக்கொண்டிருக்கும்போது, வெளிநாட்டு ஆராய்ச்சி நிலையம் ஒன்றின் பக்கம் கண்ணில் பட்டது. சர்வரின் முகவரி, பயனர் பெயர் இரண்டையும் ஊரறியப் போட்டிருந்தார்கள். பாஸ்வேர்டு தேவையில்லை. யாரும் வரலாம், படிக்கலாம், எதையும் மாற்ற மட்டும் முடியாது. மற்றவர்களும் வருவார்கள், ஒரேயடியாக அள்ளாதீர்கள் என்று கீழே ஒரு வேண்டுகோள், அவ்வளவுதான்.

சுகாசினி உடனே உள்ளே போகவில்லை. ஏதோ தப்பு செய்கிற மாதிரி இருந்தது. ஒருமுறை வாசல் கதவைக்கூடத் திரும்பிப் பார்த்தாள். பிறகு துணிந்து தட்டினாள். சர்வர் திறந்துகொண்டது. நெல், மாடு, கொசு, ஈ என்று உயிர்களின் பெயர்கள் வரிசையாக வந்தன. ஒவ்வொன்றுக்கும் உள்ளே அதன் உடம்பைக் கட்டுகிற எழுத்து வரிசை முழுவதும் இருந்தது. எத்தனை பேர் எத்தனை வருடம் பாடுபட்டுச் சேர்த்ததோ, முகம் தெரியாத அவளுக்காகவும் திறந்து கிடந்தது. கேட்காமலே ஒருவர் கொடுப்பது அவளுக்கு அதுவரை பழக்கமில்லாத விஷயம். பட்டியலில் இன்னும் கீழே போனாள். பட்டுப்புழு இருந்தது.

மறுநாள் சங்க அலுவலகத்தில் மடிக்கணினியைத் திறந்து வைத்து, 'பட்டு இழையின் புரதத்தைக் காட்டு' என்று தட்டினாள். ஐயாயிரம் எழுத்துக்கு மேல் திரையில் இறங்கியது. ஆங்கில எழுத்துகள்தான், ஒவ்வொன்றும் புரதத்தின் ஒரு கண்ணி. ஜி, ஏ, ஜி, ஏ, ஜி, எஸ், மறுபடியும் ஜி, ஏ என்று வரி வரியாகப் போய்க்கொண்டே இருந்தது.

இளவரசி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார். "இன்னாமா இது, டிசைன் மாதிரி இருக்குது?"

"புழு வாயிலருந்து வர்ற நூலு இந்த வரிசையிலதான் மேடம் உருவாகுது."

இளவரசி திரையருகே குனிந்தார். ஒரு பென்சிலை எடுத்து, திரையில் படாமல் வரிகளின் மேல் நகர்த்திக்கொண்டே போனார். உதடு மட்டும் எண்ணிக்கொண்டிருந்தது. பட்டிலேயே பிறந்து வளர்ந்தவர் என்றாலும் காஞ்சிபுரத்துக்கு வருவது நூல்தான், புழு அல்ல. அவர் புழுவை நேரில் பார்த்ததே இல்லை. கால்மணி நேரம் போயிருக்கும்.

"ஒன்னு விட்டு ஒன்னு ஜி வருது. அங்கங்க முறை தப்புது. இங்க பாரு, இங்க."

"புழுவோடதே அப்படித்தான் மேடம். சில எடத்துல மாறி வரும்."

"அது சரி, அது இங்கியும் அங்கியுமா வருது. நூலுல தப்புன்னா அப்படித்தான் வரும். ஆனா இத பாரு. இருபதாவது வரி முடியற எடம், நாப்பதாவது வரி, அறுவதாவது வரி. சரியா இருபது வரிக்கு ஒருவாட்டி தப்புது. அளவா வந்தா அது நூலுல இல்லமா, அட்டையில. இது புழு பண்ணதில்ல, உன் மெஷின் பண்ணது."

சுகாசினி மனதுக்குள் கணக்குப் போட்டாள். அவளுடைய நிரல் எழுத்துகளை ஆயிரம் ஆயிரமாகத்தான் இழுத்து வரும். ஒரு வரிக்கு ஐம்பது எழுத்து என்றால் இருபது வரி. ஒவ்வொரு இழுப்பிலும் கடைசி எழுத்தைத் தின்றிருக்கிறது. இரண்டு வருடமாக அவளே பார்க்காத தப்பு, பிரமாதம் என்று சொன்ன ஒருவர் கண்ணிலும் படாத தப்பு. மூடி வைத்துவிட்டு எழுந்து போய்விடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. போகவில்லை.

"தப்பு என்னுதுதான் மேடம். பத்து நிமிஷம் குடுங்க," என்றாள். வாழ்க்கையில் அவள் வாய்விட்டுக் கேட்டது அதுதான் முதல்.

"பண்ணு," என்றார் இளவரசி.

நிரலில் ஓரிடத்தில் ஒன்றைக் கழித்திருந்தாள், கழித்திருக்கக் கூடாது. அதை எடுத்துவிட்டு மறுபடி ஓட்டினாள். இளவரசி இருபதாவது வரிக்குப் போனார், நாற்பதாவதுக்குப் போனார், கடைசி வரைக்கும் விடாமல் பார்த்தார். அளவாக வந்தவை எல்லாம் போய்விட்டிருந்தன. அங்கங்கே தப்புகிறவை மட்டும் அப்படியே இருந்தன.

"இதுங்களத் தொடாத. இது புழுவோடது," என்றார். பென்சிலைக் கீழே வைத்தார். "நாமதான் டிசைன் போடறோம்னு நெனச்சிக்கினு இருந்தேன்பா. நம்ம கைக்கு வர்றதுக்கு முன்னாடியே அது அட்டை குத்தி முடிச்சிடுது."

பிறகு எழுந்து பீரோவைத் திறந்து, சங்கத்து டேட்டா இருந்த ஹார்டு டிஸ்க்கை எடுத்து அவள் முன்னால் வைத்தார். சுகாசினி அதைக் கேட்கவே இல்லை.