வியர்த்தால் ஏசி

நான் தனியாக வரைந்து எழுப்பிய முதல் கட்டடத்தை வரவிடாமல் செய்ய அதிகம் பாடுபட்டவர், அதைக் கட்டித் தரச் சொல்லி வந்தவரேதான்.

எண்பதுகளின் நடுப்பகுதி. பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடைவீட்டு மாடியில் இயங்கிய சின்ன கட்டடக்கலை நிறுவனத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். கிள்ளானிலிருந்து காப்பார் போகும் வழியில் ஒரு சிறு பட்டணம். ரப்பர் தோட்டத் தொழிலாளர்களும் அவர்களுடைய பிள்ளைகளும் சேர்ந்து அங்கே ஒரு கூட்டுறவுச் சங்கம் நடத்தினார்கள். அதற்குச் சொந்தமாக ஓர் அலுவலகம் வேண்டுமாம். எங்கள் முதலாளிக்கு அது பொடி வேலை, என் மேசையில் தூக்கிப் போட்டுவிட்டார். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

முதல் வேலையாக அந்த மனையில் நாலு மூலையிலும் குச்சி நட்டு, ரிப்பன் கட்டி, காற்று எப்போது எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று மூன்று நாள் குறித்தேன். எதிரே இருந்த ஹார்ட்வேர் கடைச் சீனர், நான் ஏதோ சாமிக்கு நேர்ந்துகொண்டு நிற்கிறேன் என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது. மரியாதையாக ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போனார். பகல் சாப்பாட்டு வேளைக்குப் பிறகு கடல் பக்கத்துக் காற்று தவறாமல் வந்தது. அதைப் பார்த்ததும் ஏசியே வேண்டாம் என்று முடிவு கட்டிவிட்டேன்.

வெயில் சுவரில் படாதபடி கூரையை நன்றாக வெளியே இழுத்தேன். இரண்டு நீளச் சுவர்களிலும் துளை வைத்த சிமெண்டுக் கற்கள். கூரையின் உச்சியைத் திறந்து, அதன்மேல் ஒரு குட்டிக் கூரையை உயர்த்தி வைத்தேன். சூடான காற்று மேலே ஏறி அந்த இடைவெளியில் வெளியேறும், கீழே புதுக் காற்று உள்ளே வரும். பகலில் விளக்குகூடத் தேவையில்லை. என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கொண்டு வரைபடத்தைச் சுருட்டி எடுத்துப் போனேன்.

செயற்குழுவில் பதினோரு பேர். படத்தை விரித்ததும் ஒருவர், இது தோட்டத்தில் ரப்பர் சீட்டு உலர்த்தும் புகைவீடு மாதிரி இருக்கிறதே என்றார். இன்னொருவர், எங்களையும் கம்பியில் தொங்கவிட்டுக் காயப்போடப் போகிறீர்களா என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். எனக்குக் காது சூடாகிவிட்டது. புகைவீட்டைக் கட்டினவனுக்கு இருந்த மூளை இப்போது கண்ணாடிப் பெட்டி கட்டுகிறவர்களுக்கு இல்லை என்று வெடுக்கென்று சொன்னேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்தான்.

வேலையை எங்களிடம் கொண்டுவந்த சங்கத் தலைவர் மட்டும் சிரிக்கவில்லை. ஐம்பது வயது இருக்கும். தோட்டத்தில் ரப்பர் பால்மரம் சீவியவர்களின் மகன், படித்துத் தோட்டக் கணக்கெழுதும் கிராணியாகி, வேலையை விட்டு வந்து சங்கத்தை வளர்த்தவர்.

"நீங்க பிரிக்பீல்ட்ஸ் ஆளு மா. ரயில்வே குவாட்டர்ஸ்ல ஃபேனுக்குக் கீழ உட்கார்ந்து படிச்சவங்க. எங்க ஆளுங்க வேர்த்து வேர்த்தே செத்தாங்க. இனிமேலாச்சும் குளுகுளுன்னு ஒரு ஆபீஸ்ல உட்காரட்டும்லா."

என் அப்பா ரயில்வே குமாஸ்தா என்பது அவருக்கு எப்படித் தெரிந்ததோ. சுருக்கென்று தைத்தது. அவர் சொன்னதில் நியாயம் இருந்ததுதான் பெரிய தொல்லை. இருந்தும் விடவில்லை. நான்கு கூட்டம் போனேன், நான்கு முறை சண்டை போட்டேன். கடைசியில் என்னுடைய நச்சரிப்பு தாங்காமல் ஒரு நிபந்தனையோடு இறங்கி வந்தார். திறப்பு விழா அன்றைக்கு உள்ளே இருப்பவர்களுக்கு வியர்த்தால், மறுநாளே துளைகளையெல்லாம் அடைத்துவிட்டு ஏசி வைப்பார். நான் வாய் திறக்கக் கூடாது. சரி என்றேன். அதைக் கேட்ட முதலாளி, அடைத்த கட்டடத்தைக் காட்டி அடுத்த வேலை கேட்க முடியாது, ஜாக்கிரதை என்றார்.

கட்டடம் முடிந்து, திறப்பு விழா நாள் காலை பட்டுச்சேலை கட்டிக்கொண்டு கிள்ளான் பஸ்ஸில் போய் இறங்கினேன். வாசலில் வாழைமரம், தோரணம், நாதஸ்வரம். உள்ளே நுழைந்ததும் தூக்கிவாரிப்போட்டது. கல்யாண மண்டபத்தில் கட்டுவதுபோல் ரோஸும் வெள்ளையுமாகச் சாட்டின் துணியில் மேற்கட்டி கட்டி, கூரையின் திறப்பு தெரியாமல் மூடிவிட்டிருந்தார்கள். துளைக் கற்கள் பார்க்க அசிங்கமாக இருக்குமென்று, திறந்துவைக்க வரும் பிரமுகரை வரவேற்கும் நீளப் பதாகைகளை இரண்டு பக்கச் சுவரிலும் தொங்கவிட்டிருந்தார்கள். கல்யாணமோ கோயில் விழாவோ, மேலே துணி கட்டாவிட்டால் நம்மவர்களுக்கு மனசு கேட்காது. இதை நான் முன்பே யோசித்திருக்க வேண்டும்.

யாரிடம் போய்ச் சொல்வது? அதற்குள் குருக்கள் கணபதி ஹோமத்தைத் தொடங்கிவிட்டார். நெய்யும் சமித்தும் விழ விழப் புகை கிளம்பிச் சாட்டினில் முட்டித் திரும்பியது. ஐந்தே நிமிடத்தில் முன்வரிசை இருமத் தொடங்கியது. குருக்கள் கண்ணீரோடு மந்திரம் சொன்னார். பிரமுகர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார். தலைவர் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையில் கோபம்கூட இல்லை. அப்போதே சொன்னேனே என்பதுபோல் இருந்தது. அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

பின்கட்டில் காய் வெட்டிக்கொண்டிருந்த பெண்களிடம் ஒரு கத்தி வாங்கினேன். மேற்கட்டி கட்டியவர்கள் விட்டுப்போன ஏணியை இழுத்துச் சாத்தி, கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறினேன். பாதி ஏணியில் யாரோ இறங்கச் சொல்லிக் கத்தினார்கள், காதில் வாங்கவில்லை. முதல் கயிற்றை அறுத்ததும் அத்தனை சாட்டினும் சரிந்து செயற்குழுவின் தலையில் விழுந்தது. கீழே அந்தச் சமையல் பெண்கள் சேர்ந்து பதாகைகளை அவிழ்த்தார்கள். ஹோமத்துப் புகை ஒரு கணம் தயங்கி, பிறகு நேராக எழுந்து, உச்சித் திறப்பு வழியாக மளமளவென்று வெளியேறியது. வெளியேறின புகையைப் பார்த்துக் கட்டடம் பற்றிக்கொண்டது என்று நினைத்து ஹார்ட்வேர் கடைக்காரர் வாளித் தண்ணீரோடு ஓடிவந்தார். அவரை உட்காரவைத்து இலை போட்டதற்குப் பிறகும் அடிக்கடி கூரையை நிமிர்ந்து பார்த்துக்கொண்டே சாப்பிட்டார்.

சாப்பாடு முடிந்தது, பிரமுகரும் போய்விட்டார். துளைகளை அடைப்பதா வேண்டாமா என்று தலைவர் இன்னும் சொல்லவில்லை. தோட்டங்களிலிருந்து லோரியில் வந்திருந்த வயதான பெண்கள், லோரி திரும்பி வரும்வரை கூடத்தில் காத்திருந்தார்கள். எல்லாரும் முன்னாள் பால்மரத் தொழிலாளிகள். அப்போது கடல் காற்று வந்தது. ஒரு பாட்டி சுவரோரம் சாய்ந்தார். இன்னொருவர் முந்தானையைச் சுருட்டித் தலைக்கு வைத்துக்கொண்டு படுத்தார். சற்று நேரத்தில் எட்டு பேர் புதுச் சிமெண்டுத் தரையில் வரிசையாகத் தூங்கினார்கள், ஒருவர் குறட்டையே விட்டார்.

தலைவர் உள்ளே வந்தார். எழுப்பிவிடப் போகிறார் என்று பயந்தேன். அவர் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, ஓசைப்படாமல் என் பக்கத்தில் வந்து நின்றார்.

"அந்தக் கடைசியில படுத்திருக்கிறது எங்கம்மா," என்றார் மெதுவாக. "எந்த ஆபீஸுக்குப் போனாலும் வெளியதான் நிப்பாங்க. கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கிட்டு உள்ள போகவே மாட்டாங்க. இங்க பாருங்க, தூங்குறாங்க."

அந்த அம்மாளின் அருகே குனிந்து, காய்ச்சல் பார்ப்பதுபோலப் புறங்கையை அவர் கழுத்தில் வைத்துப் பார்த்தார். நெற்றியிலும் வைத்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, இல்லை என்று தலையை ஆட்டினார்.

வியர்க்கவில்லை.

எனக்கு அந்த இடத்திலேயே துள்ளிக் குதிக்க வேண்டும்போல் இருந்தது. அவர்கள் தூங்குகிறார்களே என்று அடக்கிக்கொண்டேன்.