நான் கழற்றிய மாட்யூல்

சிதம்பரத்தில் ஒரு போட்டித் தேர்வுப் பயிற்சி மையம். அதன் லினக்ஸ் சர்வரைக் கடலூரில் என் வீட்டில் இருந்தபடியே பார்த்துக்கொள்வது என் வேலை. அதில் ஒவ்வொரு கருவியையும் இயக்க ஒரு சின்ன நிரல் உண்டு, மாட்யூல் என்போம். ஒரு கட்டளையில் கழற்றலாம், இன்னொன்றில் மாட்டலாம். இதெல்லாம் எனக்குத் தண்ணி பட்ட பாடு என்று பீற்றிக்கொண்டு திரிந்தவன் நான்.

அன்று காலை மாதிரித் தேர்வு நடக்கும்போது நெட்வொர்க் திக்கியது. நெட்வொர்க் கார்டின் மாட்யூலைக் கழற்றி மாட்டினால் சரியாகிவிடும். தூரத்திலிருந்து செய்யும்போது இரண்டு கட்டளைகளையும் ஒரே வரியில் சேர்த்து அடிக்க வேண்டும். நான் அவசரத்தில் modprobe -r என்று கழற்றும் கட்டளையை மட்டும் அடித்து என்டரைத் தட்டினேன். நான் உள்ளே நுழைந்திருந்ததே அந்தக் கார்டு வழியாகத்தான். போனில் பேசிக்கொண்டே அதன் பேட்டரியைக் கழற்றிய கதை.

மையத்தின் முதலாளி போனில் கூப்பிட்டார். "இன்னா தம்பி, பசங்க பாதி எழுதுறப்ப எல்லாம் நின்னுபோச்சு?"

"யாராவது கேபிள தொட்டாங்களா சார்?" என்று வாய் கூசாமல் கேட்டேன்.

சர்வர் அறைக்குள் போகிறவர் ஒருவர்தான், காலையில் பெருக்கித் துடைக்கிற அக்கா. அது தெரிந்தேதான் கேட்டேன். போனை வைக்காமலே முதலாளி அந்த அக்காவைப் பசங்க முன்னால் திட்டினார். "நாளையிலேந்து வராத" வரை போய்விட்டது. "நான் தொடவே இல்ல சார்" என்ற குரலும் கேட்டது. "நேர்ல வந்து பாக்குறேன் சார்" என்று போனை வைத்தேன்.

சிதம்பரத்துக்குப் பஸ் ஏறினேன். போனதும் உண்மையைச் சொல்லிவிடுவது என்று பாதி வழியில் இருக்கும் புதுச்சத்திரம் வரைக்கும் உறுதியாக இருந்தேன். அப்புறம், சொன்னால் என் வேலை போய்விடுமே என்று பயம் பிடித்துக்கொண்டது.

சர்வர் முன் உட்கார்ந்து ஒரே வரி அடித்தேன். மாட்யூல் ஏறிவிட்டது. முதலாளி பார்த்துக்கொண்டிருந்ததால், கேபிளையும் ஒருமுறை பிடுங்கிச் செருகினேன். "அவுங்கள நிறுத்திடாதீங்க சார், தெரியாம பட்டிருக்கும்" என்று பெருந்தன்மை வேறு. இதை எழுதும்போதுகூட உடம்பு கூசுகிறது.

கிளம்பும்போது அந்த அக்கா டீ கொண்டுவந்தார். கண் சிவந்திருந்தது.

"யோசிச்சுப் பாத்தேன் தம்பி. தொடப்பம்தான் பட்டிருக்கும் போல. என்னால உனக்கு இம்மாந்தூரம் அலைச்சல். நீ சொன்னதாலதான் என் வேல தப்பிச்சுது."

"பரவால்லக்கா, இனிமே பாத்து பெருக்குங்க" என்று சொல்லி, அந்த டீயை வாங்கிக் குடித்தேன்.