சிதோனியின் மணிக்கயிறு

எங்கள் ஊரைப் பார்க்க வருகிறவர்கள் பழைய தேவாலயத்தையும் இடிந்த கோட்டைக் கோபுரத்தையும் அண்ணாந்து பார்ப்பார்கள். பிறகு சதுக்கத்தில் நிற்கும் போர் நினைவுத் தூணுக்குத் தொப்பியைக் கழற்றிவிட்டுப் போவார்கள். அந்தத் தூணைக் கண்டாலே எனக்கு வயிறு எரியும்.

தேவாலயத்தைப் பெருக்கி மணி அடிப்பவள் சிதோனி. அவள் தம்பி குளோவிஸும் ஜெர்மானியரோடு நடந்த பெரிய போருக்குப் போனவன்தான். பாதிப் பேர் செத்த பிறகு, மறுபடியும் பதுங்குகுழியை விட்டு ஏறித் தாக்கப் போக மாட்டோம் என்றது அவன் படை. மற்றவர்களை மிரட்டுவதற்காகச் சிலரை நிறுத்தி எங்கள் பிரெஞ்சு ராணுவமே சுட்டது. அதில் குளோவிஸ் ஒருவன். தூணில் அவன் பெயரைச் செதுக்க மெல்லரே என்கிற எங்கள் மேயர் விடவில்லை. அந்தத் தூணைத் தேய்த்துக் கழுவ மட்டும் சிதோனி வேண்டும். என்ன நெஞ்சழுத்தம் பாருங்கள்.

போர் முடிந்த நாளில், வருஷா வருஷம் மணி அடித்ததும் மேயர் தூணில் உள்ள பெயர்களைப் படிப்பார். ஒவ்வொரு பெயருக்கும் ஊரே, "பிரான்சுக்காக உயிர் கொடுத்தான்" என்று பதில் சொல்லும். போன வருஷம் மணி அடிக்கவில்லை. சிதோனி தேவாலய மணிக்கோபுரத்தின் கதவை உள்ளே தாழிட்டுக்கொண்டாள்.

மேயர் கீழே நின்று கத்தினார். "சிதோனி, விளையாடாத. பெரிய அதிகாரி மழையில நிக்கிறாரு."

"குடை இல்லையா அவருக்கு? என் தம்பி பேரைப் படிங்க, அடிக்கிறேன்."

"கோழைங்க பேரையெல்லாம் படிக்க முடியாது."

"சண்டை முடியிற வரைக்கும் பட்டணத்துல சக்கரை வித்தீங்களே மேயரே, கோழைன்னா என்னன்னு உங்களுக்கா தெரியாது?"

யாரோ சிரிப்பை அடக்க இருமினார்கள். மேயர் முகம் சிவந்து, மணியில்லாமலே படித்து முடித்தார். கூட்டம் கலையப் போன நேரத்தில் ஒரு கை இழந்த அன்செல்ம் முன்னால் வந்தான். குளோவிஸின் படைக்காரன், போரைப் பற்றி வாயே திறக்காதவன்.

"குளோவிஸ் பாரோ," என்றான்.

"வாய மூடு, அன்செல்ம்."

"அன்னைக்கு நானும்தான் ஏறல மேயரே. யாரைச் சுடுறதுன்னு சீட்டுக் குலுக்கினாங்க. அவன் பேரு வந்துச்சு."

இரண்டு பிள்ளைகளின் பெயரைத் தூணில் வைத்திருக்கும் ரொட்டிக்கடை ஒனோரின்தான் முதலில் சொன்னாள்.

"பிரான்சுக்காக உயிர் கொடுத்தான்."

நாங்களும் சொன்னோம். மேலே மணி அடித்தது.

அன்று மாலையே மேயர் சிதோனியிடமிருந்து சாவியைப் பிடுங்கிக்கொண்டார். இப்போது மணி அடிக்க ஆள் கேட்டு வீடு வீடாக அலைகிறார். குளோவிஸின் பெயர் கல்லில் ஏறும்வரை எங்கள் ஊரில் ஒருவரும் அந்தக் கயிற்றைத் தொடமாட்டோம்.