ஊதச் சொல்லாத ஞாயிறு

என் கணவரைக் குடியிலிருந்து மீட்டவள் நான் இல்லை. இதை எழுதும்போதுகூட வயிறு எரிகிறது. பதினோரு வருடம் அந்த மனிதருக்குக் காவல் இருந்தவள் நான். மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு குப்பத்தில் இருக்கும் மீனவர் ஒருவர், ஒரு காவலும் இல்லாமல், பத்தே மாதத்தில் அதைச் செய்துவிட்டார். நன்றி சொல்ல வேண்டிய இடத்தில் எனக்குப் பொறாமைதான் வந்தது. நன்றி ரொம்பக் கழித்து வந்தது, அதுவும் முழுசாக வரவில்லை.

நாங்கள் இருப்பது திருக்கழுக்குன்றத்தில். நான் நடுநிலைப்பள்ளி ஆசிரியை. அவர் படூரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் எலக்ட்ரீஷியன். சாயங்காலம் அவர் பஸ் இறங்கி வரும் நேரம் நான் கேட்டில் நிற்பேன். "ஊதுங்க" என்பேன். மரியாதை குறையாமல்தான் சொல்வேன். அவர் குனிந்து என் முகத்துக்கு நேரே வாயைத் திறந்து ஊதுவார். பாக்கு வாசனை வந்தால் சந்தேகம். ஏலக்காய் வாசனை வந்தால் சந்தேகமே இல்லை, அன்று வீட்டில் சண்டை. அப்புறம் டூல்ஸ் பையைக் கொட்டிப் பார்ப்பேன். அவர் மட்டும் லேசுப்பட்டவரா? எங்கள் கூடத்தில் ஒரு ஸ்விட்ச் போர்டு உண்டு. அதில் எந்த ஸ்விட்சைப் போட்டாலும் எதுவும் எரியாது. அதைக் கழற்றிப் பார்க்க எனக்கு மூன்று வருடம் ஆனது. உள்ளே ஒயர் இல்லை. குவார்ட்டர் பாட்டில் இருந்தது.

கோயிலுக்குக் கூட்டிப்போய் நான்கு முறை கயிறு கட்டவைத்தேன். மூன்று மாதம், ஆறு மாதம் குடிக்கமாட்டேன் என்று சாமிக்குத் தவணை சொல்லிக் கட்டுவார்கள். கயிறு கையில் இருக்கும்வரை சொட்டுகூடத் தொடமாட்டார், சாமி பயம். தவணை முடிந்த காலையில் கயிற்றைக் கோயிலிலேயே கழற்றி வைத்துவிட்டு நேரே கடைக்குப் போவார். ஒருமுறை நானே பூசாரியைத் தனியாகப் பார்த்து, "ஆறு மாதம் வேண்டாம், ஒரு வருடம் என்று சாமிகிட்ட சொல்லிடுங்க" என்று ஏற்பாடு செய்தேன். அவருக்கு அது தெரியாது. ஆறாம் மாதம் கழற்றிவிட்டு வந்தார். "சாமிக்கு நீங்க சொன்னது ஒரு வருஷம்" என்று நான் குதித்தேன். "நான் சொல்லல, நீ சொன்ன. நீயே கட்டிக்க" என்றார்.

போன வருடம் கூட வேலை பார்க்கும் ஒருவர் அவரைச் செங்கல்பட்டுக்கு ஒரு கூட்டத்துக்கு அழைத்துப்போனார். ஒரு டியூஷன் சென்டரின் மாடி. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் குடியை விட்டவர்களும் விடப் பார்ப்பவர்களும் சேர்ந்து உட்கார்ந்து பேசுவார்களாம். அங்கே புதிதாக வருபவருக்குத் துணையாகப் பழைய ஆள் ஒருவர். இவருக்கு வாய்த்தவர் அந்த மீனவர். தினமும் காலை ஆறு மணிக்கு இவர் மொட்டை மாடிக்குப் போய் அவருக்கு போன் போடுவார். நான் துணி பக்கெட்டோடு மாடிப்படியில் நின்று கேட்பேன். ஒரு நாள் இவர் வாய்விட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் கல்யாணமான புதிதில் கேட்டது. அந்தப் பக்கம் ஒரு பெண் குரல் இருந்திருந்தால் எனக்கு வேலை சுலபம், தெருவில் இறங்கிக் கத்தியிருப்பேன். ஒரு மீனவரோடு எப்படிச் சக்களத்திச் சண்டை போடுவது?

"அப்படி என்னதான் சொல்றாரு அவரு?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் சொல்றது இல்ல. கேட்டுகினு இருப்பாரு. எல்லாத்தையும் இளுத்துப் புடிச்சுகினு நிக்காத, உட்டுடும்பாரு. உன் கையில ஒண்ணும் இல்ல, மேல ஒருத்தன் பாத்துகினு கீறான், அவங்கிட்ட குடுத்துடும்பாரு."

நான் பிடித்துக்கொண்டிருந்ததால்தானே குடும்பம் நின்றது என்று எனக்குத் தொண்டைவரை வந்தது. அந்த மீனவர் பாட்டுக்கு விட்டுவிடு என்கிறாராம். யாரைக் கேட்டு?

பிறகு அந்த நோட்டு வந்தது. குடித்த காலத்தில் யார் யாருக்கு என்னென்ன செய்தோம் என்று ஒளிக்காமல் எழுதி, துணையாளிடம் வாய்விட்டுப் படித்துக் காட்டுவது அவர்கள் வழக்கம். என் பீரோவிலிருந்து நாற்பது பக்க நோட்டு ஒன்றை எடுத்துப்போய் இரண்டு மாதம் எழுதினார். வரும் ஞாயிறு காலை கடற்கரையில் படிக்கப் போகிறேன் என்றார். அடிபட்டவள் இங்கே இருக்கிறேன், அது மீனவருக்குப் படிக்கப்படுமாம். பொறாமையில் எனக்கு அந்த வாரம் சாப்பாடே இறங்கவில்லை.

வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அவர் வருவதற்குள் தேடினேன். எங்கே இருக்கும் என்று யோசிக்கவே தேவையில்லை. ஸ்க்ரூடிரைவரை எடுத்து அந்தப் போர்டைக் கழற்றினேன். பாட்டில் இருந்த இடத்தில் நோட்டு சுருட்டி வைத்திருந்தது.

ஒரு பக்கம் மட்டும் பார்ப்பதாகத்தான் நினைத்தேன். என் மேஜையில் திருத்த வேண்டிய ஐந்தாம் வகுப்பு நோட்டுகள் கிடந்தன. கையில் சிவப்புப் பேனா. முதலில் எழுத்துப் பிழைகளைத்தான் திருத்தினேன், அது கை தானாகச் செய்வது. அப்புறம் விஷயத்தைத் திருத்த ஆரம்பித்தேன். 'மச்சான் கல்யாணப் பந்தியில் விழுந்தேன்' என்று இருந்தது. என் தம்பி கல்யாணம் இல்லை, சித்தப்பா மகன் கல்யாணம். அடித்து மேலே எழுதினேன். 'அவளை நிறைய அழவைத்தேன்' என்று ஒரே வரி. நிறைய என்றால்? பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டேன். எனக்கு மறக்கவே முடியாத ஒன்றை அந்த நோட்டில் முழுக்கத் தேடினேன். இல்லை. ஆகவே நானே எழுதினேன்: 'கர்ப்பப்பை எடுத்த அன்று, கஞ்சி கொண்டுவருகிறேன் என்று ஆஸ்பத்திரியிலிருந்து போனவர் மறுநாள்தான் வந்தார். பக்கத்துப் படுக்கைக்காரியின் மாமியார் எனக்கு ஊட்டினார்.' அதோடு நிற்கவில்லை. ஒன்றரைப் பக்கம் போனது. முடிவில் வழக்கம்போலக் கீழே கையெழுத்துப் போட்டுத் தேதியும் போட்டேன்.

போர்டைத் திருகி மூடிய பிறகுதான் உறைத்தது. பத்து மாதமாகக் குடிக்காமல் இருக்கிற மனிதர் அந்தச் சிவப்பைப் பார்த்தால் நேரே கடைக்குப் போவார். அவரை அனுப்பிவைத்தவள் நானாக இருப்பேன். சனிக்கிழமை விடுமுறை. அவர் வேலைக்குக் கிளம்பியதும் பஸ் ஸ்டாண்டில் ஒரு ஒயிட்னர் வாங்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டு, மாமல்லபுரம் போய், ஷேர் ஆட்டோ பிடித்து அந்தக் குப்பத்துக்குப் போனேன்.

அவர் ஃபைபர் படகின் நிழலில் உட்கார்ந்து வலையில் கிழிசலைத் தைத்துக்கொண்டிருந்தார். நான் நினைத்ததைவிட ஒல்லி. யார் என்று சொன்னதும், "வா தங்கச்சி, குந்து" என்றார். நான் நின்றுகொண்டே சொன்னேன்.

"அவரு நோட்டுல நான் எழுதிட்டேண்ணா. செவப்பு மையில. நாளைக்கு நீங்க அதைப் பாத்தீங்கன்னா..."

"செவப்பு இன்னா, நீலம் இன்னா? எனக்குப் படிக்கத் தெரியாதும்மா. அவரு படிப்பாரு, நான் கேப்பேன். அவ்ளோதான்."

"அதைப் பாத்துட்டு அவரு திரும்பக் குடிச்சிட்டா?"

"குடிக்கலாம்" என்றார், தலையைத் தூக்காமல். "நானே நாளைக்குக் குடிக்கலாம். இன்னிக்குக் குடிக்கல."

எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. "நீங்க ஒரு வார்த்தை சொன்னா கேக்கறாரு. நான் பதினோரு வருஷம் சொன்னேன், காதுல ஏறல. அப்படி என்ன மருந்து வச்சிருக்கீங்க?"

அவர் வலை ஊசியைக் கீழே வைத்தார். "உன்னாண்ட ஒண்ணு சொல்றேன், கோச்சிக்காத தங்கச்சி. உன் வூட்டுக்காரரு மேல எனக்கு வயித்தெரிச்சல் கீது. பொண்டாட்டி வாசல்ல நின்னுகினு ஊதச் சொல்றான்னு கூட்டத்துல சொன்னாரு, எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். வூட்டாண்ட வந்து அளுதேன். எங்கூட்டுக்காரி கோச்சிகினு போயி ஒம்போது வருசம் ஆவுது. நான் குடிய உட்டுட்டது அவளுக்குத் தெரியும். வரல. நான் குடிச்சா இன்னா, குடிக்காட்டி இன்னா, மோந்து பாக்க ஒரு ஆளு இல்ல."

நான் பொறாமைப்பட்டு வந்த இடத்தில் என் வீட்டைப் பார்த்து ஒருவர் பொறாமைப்பட்டுக்கொண்டிருந்தார். ஒரு கவரில் சங்கரா மீன் நாலு போட்டுக் கொடுத்தார். வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து ஒயிட்னரைக் கையில் வைத்துக்கொண்டு போர்டுக்கு முன் ரொம்ப நேரம் நின்றேன். ஒன்றரைப் பக்கத்தையும் வெள்ளையாக்கிவிடலாம். அதையும் நானே செய்ய வேண்டுமா என்று அலுத்துப்போனது. சாயங்காலம் அவர் வந்தார், ஊதினார், வாசனை இல்லை. உள்ளே வந்ததும் நோட்டில் எழுதியதைச் சொல்லிவிட்டேன். அவர் போர்டைக் கழற்றி நோட்டை எடுத்துக் கடைசிப் பக்கம்வரை புரட்டினார்.

"கையெழுத்து வேற போட்டுகீற" என்றார். நோட்டைச் சுருட்டித் தன் பையில் வைத்தார்.

ஞாயிறு விடிந்ததும் நோட்டோடு கிளம்பினார். போன் டிவி மேல் கிடந்தது. மறந்து வைத்தாரா, வேண்டுமென்று வைத்தாரா தெரியவில்லை. பழைய நான் என்றால் எட்டு மணிக்கே பஸ் ஸ்டாண்ட் கடை வாசலில் நின்றிருப்பேன். அன்று போகவில்லை. மாடியில் நின்று மலைக்கோயிலைப் பார்த்துக் கையெடுத்தேன். இத்தனை வருடம் நான் வேண்டியதெல்லாம் உத்தரவு. இவரைத் திருத்து, அந்தக் கடையை மூடு, ஆறு மாதத்தை ஒரு வருடமாக்கு. அன்றுதான் முதல்முறையாக, "நீயே பார்த்துக்கொள்" என்றேன். சொன்ன மறுநிமிடம் பயம் வந்தது. திரும்பவும் சொன்னேன். மீனைக் கழுவும்போது ஒரு தடவை, மசாலா தடவும்போது ஒரு தடவை சொன்னேன்.

அடுப்படியில் நிற்கும்போது இன்னொன்றும் தோன்றியது. இந்தப் பதினோரு வருடத்தில் எங்கள் இரண்டு பேர் முகமும் பக்கத்தில் பக்கத்தில் வந்தது அந்தக் கேட்டில், அந்த ஒரு நிமிடம் மட்டும்தான். ஊதச் சொல்வதை விட்டால் எனக்கு அதுவும் போய்விடும். அதையும் அந்த மீனவர் கொண்டுபோய்விட்டார் என்று நினைத்து அழுதேன்.

இரண்டு மணிக்குக் கேட் சத்தம் கேட்டது. ஓடக் கூடாது என்று நினைத்துக்கொண்டே ஓடினேன். அவர் கண்கள் சிவந்திருந்தன. குடித்த சிவப்பா, அழுத சிவப்பா என்று பார்த்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. செருப்பெல்லாம் மணல்.

"செவப்பையும் படிச்சேன்" என்றார். "கஞ்சி கொண்டார்றேன்னு போனது எனக்கு ஞாபகமே இல்ல. அத ரெண்டு வாட்டி படிச்சேன்."

பிறகு வழக்கம்போலக் குனிந்து, என் முகத்துக்கு நேரே வாயைத் திறந்தார்.

"வேணாங்க" என்றேன்.

வாயை மூடிக்கொண்டார். முகத்தை மட்டும் எடுக்கவில்லை.