மசூது போட்ட சைக்கிள் பாதை

வடகரை மசூதைப் பற்றி ஊரில் ஆளுக்கு ஒரு கதை சொல்வார்கள். நான் சொல்வதுதான் சரியான கதை. ஏனென்றால் அவன் போட்ட பாதை என் வயலைத் தாண்டாமல் போக முடியாது.

அவனுடைய வாப்பா பீர் மைதீன் இலஞ்சியில் எங்கள் தோப்புத் தேங்காயைக் குத்தகைக்கு எடுத்தவர். அந்தப் பழக்கத்தில் மசூது என்னை ஆச்சி என்பான், நான் அவனை ஏலே என்பேன். அவன் மீசை நரைக்கத் தொடங்கிய பிறகும் அப்படித்தான்.

மீசை அரும்பிய வயதில் கத்தாருக்குப் போனவன் அவன். அங்கே வெள்ளிக்கிழமை ஆனால் ஒரு கூட்டம் தடித்த டயர் போட்ட சைக்கிளில் பாலைவனத்துக்குள் கிளம்புமாம். தார் ரோட்டை விட்டு மண்ணிலும் சரளையிலும் ஓட்டுவதற்கென்றே செய்த சைக்கிள். அவர்களுக்குத் தண்ணீரும் டியூபும் ஏற்றிய வேனைப் பின்னால் ஓட்டிப் போவது மசூதின் வேலை. பஞ்சர் ஒட்டப் பழகினான். பிறகு சைக்கிளையும் ஓட்டிப் பழகிவிட்டான். வெறும் மணலைச் சுற்றிவரவே இத்தனை பேர் வருகிறார்களே, நம் பக்கம் குளத்தங்கரையும் வாய்க்கால் கரையும் தென்னந்தோப்பும் மலையுமாகக் கிடக்கிறதே என்று அவனுக்கு அங்கேயே தோன்றிவிட்டது.

இந்தச் சித்திரையில் லீவுக்கு வந்தவன் பெட்டியில் ஒரு சைக்கிளைப் பிரித்துப் போட்டுக் கொண்டுவந்தான். டீக்கடையில் சுந்தரபாண்டியன் விடவில்லை. அவர் என் பக்கத்து வயல்காரர், வாய் கொஞ்சம் நீளம்.

“ஏலே மசூது, கல்ஃப்ல இருந்து வாரவன் எல்லாம் காரு வாங்குதான். நீ மிதிக்கிற வண்டியக் கொண்டாந்திருக்க.”

“காரு போற ரோட்டுல நான் போகல அண்ணாச்சி. நான் போற ரோட்டுல ஒங்க காரு வராது.”

சித்திரை வெயிலில் தினமும் கிளம்பினான். தென்காசி கோயில் வாசலில் தொடங்கி, இலஞ்சிக் குளத்தங்கரை ஏறி, வாய்க்கால் கரையோரமாக வடகரைக்கு வந்து, மலையடிவாரச் சரளை ரோட்டில் திரும்பிக் குற்றாலத்தில் போய் நிற்கிற மாதிரி ஒரு வழி பிடித்தான். லாரி ஓடுகிற செங்கோட்டை மெயின் ரோட்டைக் குறுக்கே கடப்பதோடு சரி, அதன் மேல் ஓடவே ஓடாது. அதுதான் அவன் பெருமை. சாரல் காலத்தில், ஆனிக் கடைசி ஞாயிற்றுக்கிழமை, மதுரையிலிருந்தும் திருவனந்தபுரத்திலிருந்தும் ஆட்கள் அவனுக்குக் காசு கட்டி வந்து ஓட்டுவதாகப் பேச்சு. ஓட்டி முடித்து அருவியில் குளிப்பார்கள்.

வீட்டில் அவன் மனைவி பாஹிமாவிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டான். “இந்த ஒரு ஞாயித்துக்கிழம நல்லபடியா முடிஞ்சா நான் கத்தாருக்குத் திரும்பப் போகல. பாதி வழியில கெட்டுப்போச்சுன்னா, ஆடி பொறந்ததும் பேசாம ப்ளைட் ஏறிருதேன்.” அவள் கல்யாணமான நாளிலிருந்து அவனை லீவில் மட்டுமே பார்த்தவள்.

அந்த ஞாயிறுக்கு முந்தின வாரம் மசூது என் வயலுக்கு வந்தான். குளத்தங்கரைக்கும் வாய்க்கால் கரைக்கும் நடுவே இருப்பது என் வரப்புதான். வந்தவன் அப்படியே நின்றுவிட்டான்.

“ஆச்சி, இது என்ன இப்படிக் கெடக்கு? சித்திரையில சிமெண்ட் தரை கணக்கா இருந்துச்சே.”

“சித்திரையில அப்படித்தாம்ல இருக்கும். இப்ப நடவு.”

அவனைச் சொல்லிக் குற்றமில்லை. கல்ஃப்காரனுக்கு லீவு என்றால் பிள்ளைகளுக்குப் பரீட்சை லீவு விடும்போதுதான். கோடையில் வருவான், மழை விழுமுன் போய்விடுவான். ஆனி மாதத்து வயலை அவன் பார்த்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. நண்டு வளையெல்லாம் அடைத்து, வரப்பைச் செதுக்கி, சேறு அப்பி மெழுகி வைத்திருக்கிறோம். அது காயாமல் ஒரு சக்கரம் உருண்டால் போதும், உடைந்து என் தண்ணீர் முழுக்கச் சுந்தரபாண்டியன் வயலுக்குப் போய்விடும்.

“ஒரே ஒரு நாள் ஆச்சி.”

“ஒரு நாளும் கெடயாது. சக்கரமும் படக் கூடாது, செருப்புக் காலும் படக் கூடாது.”

“அப்ப மெயின் ரோட்டுலதான் விடணும். லாரிக்கு நடுவுல அவங்கள விட என்னால முடியாது. நிறுத்திருதேன்.” போனை எடுத்துக்கொண்டு போய்விட்டான். எனக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. ஆனாலும் வரப்பு வரப்புதான்.

மறுநாள் காலையில் பாஹிமா வந்தாள். “ஒங்க வரப்புக்காக எம் மச்சான் கத்தாருக்குப் போகணுமா ஆச்சி?”

“அவன் இங்கன இருக்கணும்னு எனக்கும் ஆசதான் ஏட்டி. சக்கரம் உருளக் கூடாதுன்னுதான சொன்னேன்? மனுசன் நடக்கக் கூடாதுன்னு எப்பச் சொன்னேன்?”

செருப்பைக் கழற்றிவிட்டு வரப்பில் ஒரு கால் வைத்துப் பார்த்தாள். “அப்ப சைக்கிளத் தூக்கிக்கிட்டு வெறுங்காலோட நடந்தா?”

“அது ஒங்க பாடு.”

மசூதுக்கு மனசே இல்லையாம். காசு செலவழித்து ஓட்ட வருகிறவன் சுமப்பானா என்று கேட்டிருக்கிறான். “நான் இத்தன வருசமா குடும்பத்தத் தூக்கல? ஒரு வயக்காட்டு தூரம் சைக்கிளத் தூக்க முடியாதாமா?” என்று பாஹிமா கேட்டதும் அந்தப் பேச்சை விட்டுவிட்டான். ஞாயிற்றுக்கிழமை ஓட்டத்தை நிறுத்தவும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை நல்ல சாரல். நான் வரப்பு முனையில் குடையோடு நின்றேன். தலையில் தொப்பியும் வண்ண வண்ணச் சட்டையுமாகக் குளத்தங்கரை வழியே வரிசையாக வந்தார்கள். மசூது இறங்கினான். பெடலில் மாட்ட அடியில் இரும்புத் துண்டு வைத்த செருப்பைக் கழற்றி, நாடாவால் கழுத்தில் மாட்டினான், சைக்கிளைத் தோளில் ஏற்றினான்.

மதுரையிலிருந்து வந்த ஜோயல் என்கிற ஆள், நல்ல உடம்பு, அசையவில்லை. “அண்ணே, ஓட்ட வந்தோமா, சொமக்க வந்தோமா?”

“ரெண்டுக்கும்தான். இது நெல்லு வெளையிற எடம். வேண்டாம்னா அந்தப் பக்கம் மெயின் ரோடு இருக்கு, லாரிக்குப் பின்னால போகலாம்.” குரலில் ஒரு தடுமாற்றமும் இல்லை. அப்போதே இவன் இனி ப்ளைட் ஏறமாட்டான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

ஒவ்வொருவராகச் செருப்பைக் கழற்றினார்கள். வயலில் நட்டுக்கொண்டிருந்த மாரித்தாய் நிமிர்ந்து பார்த்தாள். “சைக்கிள் ஒங்களச் சொமக்கும்னுல்லா நெனச்சோம். நீங்க அதச் சொமக்குதிய. அதுக்கு என்ன, காய்ச்சலா?”

நடவுக்காரிகள் சிரித்த சிரிப்பில் ஜோயல் திரும்பிப் பார்த்தார். கால் வழுக்கியது. சைக்கிளும் ஆளும் என் நாற்றின் மேல்.

“அங்கனயே நில்லுங்க,” என்றாள் மாரித்தாய். “சாச்ச நாத்த ஊனிட்டு மேல ஏறுங்க.”

மசூது முகம் வெளுத்துவிட்டது. ஜோயல் முழங்கால் சேற்றில் நின்று என்னைப் பார்த்தார். நான் இரக்கம் காட்டவில்லை. குனிந்தார். மாரித்தாய் காட்டிக் கொடுக்க, கோணல்மாணலாக ஒரு கட்டு நாற்றை ஊன்றி முடித்தார். மற்றவர்கள் நின்று படம் பிடித்தார்கள். கரையேறியவர் மசூதிடம் கேட்டது இதுதான்: “அடுத்த தடவ எப்ப அண்ணே?”

ஆடி பிறந்தது. டிக்கெட் தேதி வந்தது, போனது. மசூது வடகரையில்தான் இருக்கிறான். மாதம் தவறாமல் ஆட்கள் வருகிறார்கள். ஜோயல் தன் ஆபீஸையே கூட்டிக்கொண்டு வந்தார், தான் நட்ட நாற்றைக் காட்ட.

அறுப்பு முடிந்து வரப்பு கல்லாக இறுகிய பிறகு நானே மசூதைக் கூப்பிட்டுச் சொன்னேன். “ஏலே, இனி உருட்டிக்கிட்டே போலாம். நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்.”

“வேண்டாம் ஆச்சி. வாரவங்க எல்லாம் தூக்கத்தான் கேக்காங்க.”

“காஞ்ச வரப்புல எதுக்குல தூக்கணும்?”

“ஒங்களுக்குத் தெரியாது ஆச்சி.”

என் வரப்பைப் பற்றி எனக்குத் தெரியாதாம். அவனைப் போலப் பிடிவாதக்காரனை நான் பார்த்ததில்லை.