அறை வெப்பநிலை முப்பது

அமெரிக்காவில் ஆலன் என்ற ஊரில் மரகதத்தை எல்லோரும் திருமூர்த்தியின் மனைவியாகவே அறிவார்கள். ஈரோட்டில் ஏழு ஆண்டுகள் பிளஸ் டூ மாணவிகளுக்கு இயற்பியல் நடத்தியவள் என்பது ஒருவருக்கும் தெரியாது. இங்கே மனைவிக்குத் தரும், வேலை பார்க்க முடியாத ஹெச்-4 விசாவில் நான்கு ஆண்டுகளாக வீட்டில் இருந்தாள்.

2001 ஏப்ரலில் திருமூர்த்தியின் கம்பெனி அவனுக்கு நாள் குறித்தது. மே முப்பத்தொன்றோடு வேலை முடியும். விசாவும் அதோடு சரி. அடுத்த ஊர்ப் பள்ளி ஒன்று இயற்பியலுக்கு ஆள் தேடியது. பிடித்திருந்தால் மரகதத்துக்கு விசா ஸ்பான்சர் செய்வார்கள். அதற்கு முன் ஒரு வகுப்பு எடுத்துக் காட்ட வேண்டும்.

"எந்த எக்ஸ்பெரிமென்ட்?" காரில் திருமூர்த்தி கேட்டான்.

"ஒலியோட வேகம். கண்ண மூடிட்டுச் செய்வனுங்க."

"தொறந்துட்டே செய். பின்னால அசிஸ்டென்ட் பிரின்சிபல் உக்காந்திருப்பாங்க."

உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு தாள், கையில் பேனா.

மரகதம் இசைக்கவையைத் தட்டி, தண்ணீரில் நின்ற குழாயின் வாய்க்கு மேல் பிடித்தாள். ஒரு மாணவி குழாயை மெல்ல உயர்த்தினாள். ஓர் உயரத்தில் ஒலி சட்டென்று பெருகியது. இன்னும் உயர்த்தியபோது மறுபடியும் பெருகியது. இரண்டு உயரங்களுக்கும் இடையே 33.6 சென்டிமீட்டர். அதை வைத்து அறையில் ஒலியின் வேகம் கிடைத்தது. பிறகு அறை வெப்பநிலையால் கூடிய வேகத்தைக் கழித்து, பூஜ்ஜியம் டிகிரியில் என்ன வேகம் என்று கணக்கிட வேண்டும். நொடிக்கு 331 மீட்டர் வர வேண்டும்.

326 வந்தது.

"இன்னொரு முறை அளந்து பார்" என்றாள். 33.6. மறுபடியும். 33.6. பின்வரிசையில் பேனா நகரும் சத்தம் கேட்டது.

34.1 என்றிருந்தால் 331 வந்துவிடும். ஈரோட்டில் இது ஒரு பிரச்சினையே இல்லை. விடை எல்லோருக்கும் தெரியும். அதற்கேற்றபடி அளவை எழுதிக்கொள்வார்கள், அவளும் கையெழுத்துப் போடுவாள். ஸ்கேலைத் தானே வாங்கிக் குனிந்தாள். 34.1 என்று சொன்னால் இவர்களும் எழுதிக்கொள்வார்கள். அந்த மாணவி அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். ஸ்வெட்டர் கையை விரல்வரை இழுத்துவிட்டிருந்தாள்.

ஸ்வெட்டர்.

மரகதம் திரும்பிப் பலகையைப் பார்த்தாள். அறை வெப்பநிலை 30 என்று அவள் கையெழுத்தில் இருந்தது. யாரும் அளக்கவில்லை. ஈரோட்டு லேபில் தெர்மாமீட்டர் அவள் சேர்ந்த ஆண்டே உடைந்தது. புதிது வரவில்லை. அதன் பிறகு எல்லா ரெக்கார்டு நோட்டிலும் முப்பதுதான். இங்கே ஏசி ஓடிக்கொண்டிருந்தது. சுவரில் இருந்த தெர்மோஸ்டாட் எழுபது ஃபாரன்ஹீட் காட்டியது. இருபத்தொரு டிகிரி.

முப்பதை அழித்தாள். கணக்கைத் திரும்பப் போட்டபோது 331 வந்தது. யாரோ கைதட்டினார்கள்.

வகுப்பு முடிந்ததும் துணை முதல்வர் அருகில் வந்தார். மாணவர்களை யோசிக்க வைப்பதற்காக, வேண்டுமென்றே தப்பாக எழுதினீர்களா, நல்ல உத்தி, என்றார். பேனா தாளின் மேல் காத்திருந்தது.

"இல்லை" என்றாள் மரகதம். "பழக்கம்."

அவர் ஏதோ எழுதினார். வெள்ளிக்கிழமை கூப்பிடுவதாகச் சொன்னார்.

"இல்லைன்னா சொன்ன?" திருமூர்த்தி காரை எடுக்கவேயில்லை. "அவங்களே எடுத்துக் குடுக்கறாங்க, ஆமான்னு வாங்கிக்க வேண்டியதுதான?"

"வாயில வரலீங்க."

"முப்பதுன்னு மட்டும் வந்துச்சாக்கும்."

வெள்ளிக்கிழமை மாலை வரை இருவரும் போனை எங்கேஜ்டாக வைக்கவில்லை, ஊருக்குக்கூடப் பேசவில்லை. நாலே முக்காலுக்கு மணி அடித்தது. மரகதம் நின்றபடியே கேட்டாள். திங்கள்கிழமை சர்டிஃபிகேட்டுகளுடன் வர வேண்டும். லேபுக்குத் தேவையானவற்றையும் எழுதிக்கொண்டு வரலாம்.

போனை வைத்துவிட்டுக் காலண்டரின் பின்பக்கத்தில் 'தெர்மாமீட்டர் - 6' என்று எழுதினாள்.

"விசா முப்பத்தொண்ணுக்குள்ள வருமான்னு கேட்டியா?"

கேட்கவில்லை. காலண்டரைத் திருப்பினாள். மே பதினொன்று.