ஊர்த்தெரு முனையில் நின்ற குதிரை

என் கல்யாண ஊர்வலத்தில் குதிரை ஊர்த்தெரு முனையிலேயே நின்றுவிட்டது. எங்கள் காலனி மாப்பிள்ளை யாரும் அதுவரை அந்தத் தெருவில் குதிரையேறிப் போனதில்லை. மேளம் அடங்கியது. டீக்கடையில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்தார்கள். குதிகாலால் உதைத்தேன்; குதிரை பின்வாங்கியது.

“வேணாம்டா, திரும்பிடலாம்,” என்றார் மாமா.

அந்தத் தெருப் பெண்மணி ஒருவர் விறுவிறுவென்று எங்களை நோக்கி வந்தார். திட்டத்தான் வருகிறார் என்று நினைத்தேன். அவரோ ரோட்டில் காயவைத்திருந்த மல்லாட்டைக் கடலையைத் தார்ப்பாயோடு ஓரமாக இழுத்துப்போட்டார்.

“வழி உட்டாச்சு, போப்பா. கவுத்த இழுத்துப் புடிச்சிக்கினு ஒதைச்சா அது எப்பிடிப் போவும்? கைய லூஸ் உடு!”

குனிந்து பார்த்தேன். கடிவாள வாரை நெஞ்சோடு இறுக்கியிருந்தேன். விட்டேன். குதிரை நடந்தது.

குதிரை மக்கர் பண்ணியதாகத்தான் காலனியில் இன்றும் சொல்கிறார்கள். பயந்து பின்னுக்கு இழுத்தது நான்தான் என்பது அந்தப் பெண்மணிக்கும் எனக்கும் மட்டுமே தெரியும்.